மீன் பலகையில், மாடு மறைவில்

பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம் என்று பேருந்தில் போகிறவர்கள் ஒரு வேலை செய்து பாருங்கள். வழியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டே போங்கள். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா, சங்கரா மீன் குழம்பு, நாட்டுக்கோழி, ஆட்டுக்கால் பாயா, தலைக்கறி, குடல் குழம்பு, காடை வறுவல் என்று இருக்கிற எல்லா உயிரும் பலகையில் ஏறியிருக்கும். பலகையில் இடம் போதாமல் சுவரிலும் எழுதியிருப்பார்கள். மாட்டுக்கறி என்ற ஒரு சொல்லை மட்டும் வலைபோட்டுத் தேட வேண்டும். தேடினாலும் ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிது.

பலகையை வெறும் விலைப்பட்டியல் என்று கடந்துபோய்விட முடியாது. ஓர் ஊரில் யாருடைய நாக்குக்கு மரியாதை, யாருடைய நாக்குக்கு இல்லை என்று எழுதி மாட்டிய சாதி அறிவிப்பு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 100 பேரில் 31 பேர் பட்டியல் சாதியினர். அரியலூர் மாவட்டத்தில் 23 பேர். இவர்களோடு இஸ்லாமியர்களையும் கிறித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருவிலிருந்து இருட்டிய பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தின்றுவிட்டுப் போகும் சாதி இந்துக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பேர் தின்னும் கறிக்குப் பலகையில் நாலு எழுத்து இடமில்லை என்றால், அதை வியாபாரக் கணக்கு என்று நாங்கள் எப்படி நம்புவது?

கடல் இல்லாத ஊரில் கடல் மீன்

இந்த இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் காரை பக்கத்துப் பள்ளங்களிலும் இன்றும் கிடைக்கும் கடல் உயிரினப் புதைபடிவங்கள் அதற்குச் சாட்சி. வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கடல் வற்றிப்போன மண்ணில் இன்று சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. ஆனால் பலகையில் கடல் மீன் நிற்கிறது. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஐஸ் பெட்டியில் ஏறி, விடியற்காலையில் லாரியில் வந்து இறங்கும் மீனுக்கு இங்கே முதல் மரியாதை.

மீனோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலிக் கருவாடும் இல்லாமல் எங்கள் அடுப்பு எரிந்ததில்லை. மழைக்காலத்தில் ஏரியும் வாய்க்காலும் நிறைந்தால் கெண்டையும் கெளுத்தியும் குரவையும் பிடித்து வளர்ந்தவர்கள் எங்கள் பிள்ளைகள். அந்த ஏரி மீனிலும் சாதி உண்டு என்பது தனிக்கதை. மீன்பாசிக் குத்தகை ஏலத்தில் சேரிக்காரன் வாய் திறந்து கேட்க முடியாத ஊர்கள் இருந்தன, இருக்கின்றன. ஏரியில் தூர் வாரிய கூலிக்கு ஆள் நாங்கள், மீனை ஏலம் எடுக்க ஆள் அவர்கள்.

நாங்கள் சொல்ல வருவது வேறு. சைவம் மட்டுமே சுத்தம் என்று சொல்லும் பார்ப்பனியக் கணக்கில் மீனும் கவுச்சிதான், ஆடும் கவுச்சிதான். ஆனால் அவை பலகை ஏறிவிட்டன. எப்படி ஏறின? வங்காளத்துப் பார்ப்பனர் மீன் தின்பார். காஷ்மீரப் பண்டிதர் ஆட்டுக்கறி தின்பார். இங்கே நிலமும் அதிகாரமும் வைத்திருக்கும் இடைநிலைச் சாதிகள் இரண்டையும் தின்பார்கள். தின்பவனுக்கு மரியாதை இருப்பதால் தின்கிற பொருளுக்கும் மரியாதை வந்துவிட்டது. மாட்டுக்கறிக்கு அது வரவில்லை. தீட்டு கறியில் இல்லை, தின்பவன் யார் என்று பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் வாளையாறு தாண்டிப் போய்ப் பாருங்கள். கேரளத்தில் சாதாரணத் தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் மீன் கறியும் பீஃப் ஃப்ரையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கும். கள்ளுக்கடையில் கப்பைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள இரண்டும் வரும். கேரளத்தில் சாதி இல்லையா? நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே சிரியன் கிறித்தவர்கள் தொடங்கிப் பலரும் வெளிப்படையாகத் தின்கிறார்கள். சொத்துள்ளவன் தின்றதும் மாடு பலகை ஏறிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மாடு, அதே மிளகு, அதே தேங்காய்ச் சில், ஆனால் சாக்குப்படுதாவுக்குப் பின்னால்.

'அசைவம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சைவம்தான் உணவு, மற்றதெல்லாம் அது இல்லாதது என்று சொல்கிற சொல் அது. ஆய்வுகளின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் கறி, மீன் தின்பவர்கள். நூற்றுக்கு மூன்று பேரின் பழக்கம் அளவுகோல், தொண்ணூற்றேழு பேரின் பழக்கம் விலக்கு. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பி 1930களிலிருந்து ஊர் ஊராகப் பரவிய முனியாண்டி விலாஸ் கடைகள் பார்ப்பனர் ஓட்டல்களின் ஆதிக்கத்தை உடைத்தன. அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உடைப்பு ஆட்டோடு நின்றுவிட்டது. அசைவத்துக்குள்ளேயே ஓர் ஊரும் ஒரு சேரியும் உண்டாகிவிட்டன.

படுதாவுக்குப் பின்னால் ஒரு பழைய உணவகம்

ஊருக்கு ஊர் பழைய பெயர் சொல்லும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள், காணொளி எடுக்கிறார்கள். மூன்று தலைமுறை, விறகடுப்பு, பாட்டி கைப்பக்குவம் என்று உருகுகிறார்கள். எங்கள் பகுதியிலும் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. கேமரா அங்கே வருவதில்லை.

அந்தக் கடை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். காலனி முனையில், டாஸ்மாக் போகும் வழியில், அல்லது புறவழிச்சாலையில் லாரிகள் ஒதுங்கும் இடத்தில் நாலு கம்பு நட்டுப் போட்ட கொட்டகை. தார்ப்பாய்க் கூரை. இரண்டு பலகை பெஞ்சு. கல்லாவில் ஓர் அக்கா, அடுப்பில் அவர் அம்மா. விறகடுப்பில் இரும்புச் சட்டி. ஒருபக்கம் மாட்டுக்கறிக் குழம்பு, இன்னொருபக்கம் மீன் குழம்பு. நகரத்துக்காரர்கள் கடல் உணவும் ஸ்டேக்கும் ஒன்றாகக் கிடைக்கும் கடை என்று காசு கொடுத்துத் தேடிப்போகிறார்களே, எங்கள் சேரி முனையில் அது பல தலைமுறையாக இருக்கிறது. பலகைதான் இல்லை.

மாட்டுக்கறி சமைப்பது ஆட்டுக்கறி சமைப்பது போல் அவசர வேலை இல்லை. தொடைக்கறி ஒரு பதம், நெஞ்சுக்கறி ஒரு பதம். எலும்போடு போடும் கறிக்கு நேரம் கொடுக்க வேண்டும். குடலைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவத் தெரிய வேண்டும். ஈரல் அதிகம் வெந்தால் ரப்பர், மண்ணீரலான சுவரொட்டியைச் சுட்டுத் தின்றால் தனி ருசி. மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளில் அதுதான் குடும்பத்தைக் காப்பாற்றும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் கறியைக் கெடாமல் வைக்கும் அறிவியலை எங்கள் பாட்டிமார்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மராத்தியில் ஷாகு படோலே மராத்வாடா தலித் சமையலைப் புத்தகமாகவே எழுதினார். 2015இல் வந்த அந்த நூல் 2024இல் ஆங்கிலத்திலும் வந்து பரவலாகப் பேசப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் சேரிச் சமையலை எழுத இன்னும் ஒரு கை எழவில்லை. எழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியமரத்தடியில் கூறு போட்டு விற்பார்கள். தராசு கிடையாது. எல்லாக் கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு சமமாக இருக்கும். ஆட்டுக்கறி ஒரு கிலோ வாங்குகிற காசில் மாட்டுக்கறி இரண்டு கிலோ வாங்கலாம். சிறிய வெங்காயம் அறுக்கவும் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் உடைக்கவும் போகிற உடம்புக்கு, சிமெண்ட் மூட்டை சுமக்கிற உடம்புக்கு, வாரத்தில் ஒருநாளாவது வயிறார இறைச்சி கிடைப்பது இதனால்தான். இந்தக் கூறைக் கேவலம் என்று சொல்பவர்கள், அந்தக் கூலிக்கு ஆட்டுக்கறி வாங்கிக் காட்டட்டும்.

அப்படி ஒரு கடைக்காரரிடம் நாங்கள் கேட்டோம். "ஏம்மா, இவ்வளவு கூட்டம் வருது, ஒரு போர்டு எழுதி வைக்கலாம்ல?" அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "போர்டு வச்சா நாளைக்கே எடத்தக் காலி பண்ணச் சொல்லுவாங்கண்ணே. வாசத்த மோந்துகிட்டு வர்றவங்க வரட்டும். அது போதும்." வாசனையைப் பலகையாக வைத்து வியாபாரம் செய்ய வேண்டிய நிலைமையில் ஒரு தொழில் நடக்கிறது. கொட்டகை போட்ட இடம் அவர் பெயரில் இல்லை, உரிமம் கேட்டுப் போனால் இழுத்தடிப்பார்கள், கடன் கேட்டால் என்ன கடை என்று கேட்பார்கள். மறைவாக நடத்து என்று சொல்லிவிட்டு, மறைவாக நடத்துகிறாயே என்று மிரட்டி மாமூல் வாங்குகிறவர்களும் உண்டு.

அடிமாட்டை விற்றது யார்?

இந்த மறைவுக்குச் சட்டம் காரணமா என்றால் இல்லை. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதும் தின்பதும் குற்றமில்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம் என்கிறது. 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதைத் தடுத்தது. மற்றபடி கடை வைக்கவோ பலகை மாட்டவோ எந்தத் தடையும் கிடையாது. பலகையைக் கழற்றியது சட்டப் புத்தகம் இல்லை, ஊர் வாய்.

அந்த ஊர் வாய் தினமும் ஒரு சொல்லைச் சொல்கிறது. "வெங்காயம் அடிமாட்டு வெலைக்குப் போச்சு." செட்டிகுளம் பக்கத்தில் விலை விழும் ஒவ்வொரு வருடமும் எல்லாச் சாதி விவசாயியும் சொல்லும் சொல் இது. அடிமாடு என்றால் என்ன? அறுப்புக்குப் போகும் மாடு. அது யார் வீட்டு மாடு? எங்களில் பெரும்பாலோருக்கு உழவு மாடு கட்டும் அளவுக்கு நிலமே கிடையாது. கிழட்டு எருதையும் மடி வற்றிய மாட்டையும் மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிப்போய், துண்டுக்குள் கைவிட்டுத் தரகரோடு விலை பேசி, பணத்தை எண்ணி இடுப்பில் கட்டிக்கொண்டு வருபவர் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசிய அதே விவசாயிதான். அவரைக் குறை சொல்லவில்லை. கிழமாட்டுக்குத் தீனி போட அவருக்கு வழியில்லை. அடுத்த மாடு வாங்க அந்தப் பணம் வேண்டும். விவசாயப் பொருளாதாரம் அப்படித்தான் ஓடுகிறது. எங்கள் கேள்வி ஒன்றுதான்: விற்றவன் புனிதன், தின்றவன் தீட்டு என்பது என்ன நியாயம்?

2017 மே 23 அன்று ஒன்றிய அரசு சந்தைகளில் மாடுகளை அறுப்புக்கு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அன்று விவசாயிகள் சங்கங்களும் எதிர்த்தன. தன் சந்தை அடிபடும்போது மட்டும் அடிமாடு நினைவுக்கு வருகிறது. எங்கள் தட்டு அடிபடும்போது யாருக்கும் நினைவு வருவதில்லை.

செத்த மாடும் அறுத்த மாடும்

எங்கள் பக்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள்: "அண்ணல் அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே?" இதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போட வேண்டும், அதற்குக் கூலியாக அந்த இறைச்சியையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அடிமைத் தொழிலை விடச் சொன்னார். நம் ஊர்களிலும் பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நின்றவர்கள் அந்த வழியில் நின்றவர்கள். அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள், நின்றார்கள்.

அதே அம்பேத்கர்தான் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில், மாட்டுக்கறி உண்பது எப்போதிலிருந்து இழிவாக்கப்பட்டது, யார் முன்பு தின்று பின்பு விட்டார்கள், விட்டதை ஏன் புனிதம் ஆக்கினார்கள் என்று வேத நூல்களையே ஆதாரம் காட்டிக் கேட்டார். நம் சங்க இலக்கியத்திலும், ஆநிரை கவர்ந்து வந்த மறவர்கள் வேப்பமரத்தடியில் கொழுத்த மாட்டை அறுத்துப் பலியிட்டுத் தின்ற காட்சி அகநானூற்றில் இருக்கிறது. தமிழர் வீரம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். ஊர் தூக்கிப்போட்டதை வேறு வழியின்றித் தின்பது அடிமைத்தனம். நம் காசில், நம் விருப்பத்தில், நல்ல கறியை வாங்கித் தின்பது உரிமை. முன்னதை விட்டது போராட்டம். பின்னதைக் காப்பதும் போராட்டம்தான்.

ஸ்டேக் என்றால் தீட்டில்லை

சென்னையில் நட்சத்திர ஓட்டலுக்குப் போனால் மாட்டுக்கறிக்கு ஸ்டேக் என்று பெயர். வெள்ளைத் தட்டு, கத்தி, முள்கரண்டி, ஓரத்தில் நாலு வேகவைத்த காய். எங்கள் அக்கா கடையில் ஒரு குடும்பம் வயிறு நிறையத் தின்னும் காசைவிட அதிகம் ஒரு துண்டுக்கு. அதைத் தின்றுவிட்டு வருகிறவரை எந்தக் கோயிலும் வாசலில் நிறுத்துவதில்லை. வெளிநாடு போய் மூன்று வேளையும் அதையே தின்றுவிட்டு வரும் மாப்பிள்ளைக்கு வரதட்சணை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆங்கிலப் பெயரும் அதிக விலையும் சேர்ந்தால் தீட்டு கரைந்துபோகிறது. ஏழை தின்றால் சாதி, பணக்காரன் தின்றால் நாகரிகம்.

அந்த ஸ்டேக்கை இந்த ஊரில் முதலில் சமைத்தது யார் தெரியுமா? வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் சமையல்காரராகவும் பட்லராகவும் நின்றவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். மற்றவர்கள் தீட்டென்று ஒதுங்கிய சட்டியைத் தொட்டு அந்தச் சமையலைக் கற்றுக்கொண்டவர்கள். பண்டிதர் அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பனும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் கையிலிருந்த திருக்குறள் சுவடிதான் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். மாட்டுக்கறி சமைத்த கைதான் குறளையும் காத்துக் கொடுத்தது. அறிவும் சமையலும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

உட்கார்ந்து தின்னும் உரிமை

கடைக்கு வெளியே நின்று வாங்கிப் போவதற்கும் உள்ளே உட்கார்ந்து தின்பதற்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதற்கு எதிராக 1920களில் எழுந்த சண்டை அது. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்பது 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கத் தந்தை பெரியார் நடத்திய மறியலில் நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் போய்க் கைதானார்கள். ஒரு பெயர்ப்பலகையில் இருந்த ஒரு சொல்லுக்காக அவ்வளவு பேர் சிறைக்குப் போனார்கள். பலகை சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில் 'ஆலிஸ் பார்பெக்யூ' என்று ஒரு குடும்பக் கடை. சுட்ட இறைச்சிக்குப் பெயர்போன பழைய கடை. வெள்ளையர்கள் உள்ளே உட்கார்ந்து தின்னலாம். கறுப்பின மக்கள் பார்சல் மட்டும் வாங்கலாம். சமையலறையிலும் பரிமாறுவதிலும் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் கடைக்காரர் வழக்குப் போட்டார். என் கடை, என் விருப்பம் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அவர் வாதத்தைத் தள்ளியது. கடைக்கு வரும் இறைச்சி வேறு மாநிலத்திலிருந்து வருகிறது, எனவே ஒன்றிய அரசின் வணிகச் சட்டம் இந்தக் கடைக்கும் பொருந்தும் என்றது. இறைச்சியின் வழியைப் பிடித்துக்கொண்டே அங்கே நீதி உள்ளே நுழைந்தது.

நமக்கு அப்படிச் சுற்றிப் போக வேண்டிய தேவைகூட இல்லை. 1950லேயே அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லி எழுதிவிட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொது உணவகத்தில் நுழைவதைத் தடுப்பதையும், அங்குள்ள பாத்திரத்தைப் பயன்படுத்த விடாததையும் குற்றம் என்றது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனையைக் கூட்டியது. சட்டம் அமெரிக்காவைவிடப் பதினான்கு ஆண்டு முந்தி. நடைமுறை? 2022 டிசம்பரில் வேங்கைவயல் கொடுமையை விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டு வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் கொடுத்தவர்கள் கைதானார்கள். குவளையும் சிரட்டையும் வெளியே தெரிகின்றன, வழக்குப் போடலாம். இப்போது வந்திருப்பது நாசூக்கான வழி. எல்லாருக்கும் காகிதக் கோப்பை. அதற்கப்பால், "பார்சல் வாங்கிக்கப்பா, உள்ள எடமில்ல." உள்ளே நாலு மேசை காலியாக இருக்கும்.

அரசாங்கத்தின் தட்டு

சமூகத்தின் வாயை அரசு திருத்தும் என்று எதிர்பார்த்தால், அரசே அதே வாயால் பேசுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர் பிரியாணி என்றாலே அதில் மாட்டுக்கறி பிரியாணியும் அடக்கம். அதற்கு மட்டும் அரங்கில் இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியோடு நடத்துவதைவிட நடத்தாமலே இருப்பது நல்லது என்று முடிவு செய்தது போலத்தான் எங்களுக்குப் பட்டது.

2024 பிப்ரவரியில் அரூர் பக்கத்தில், விற்பதற்கு மாட்டுக்கறி கொண்டுபோன தலித் மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே மாதிரிப் பேருந்தில் மீன் கூடை தினமும் ஏறி இறங்குகிறது. 2025 ஜனவரியில் கோவை உடையாம்பாளையத்தில் பீஃப் பிரியாணிக் கடை போட்ட தம்பதியை, இங்கே விற்கக்கூடாது என்று பாஜக நிர்வாகி மிரட்டிய காணொளி வெளியாகி, வழக்குப் பதிவானது. மூன்றும் மூன்று ஊர். மூன்றிலும் சட்டம் நம் பக்கம். ஆனால் அந்த அம்மா வெயிலில் நடந்த தூரத்தைச் சட்டம் திருப்பித் தரவில்லை.

தொழில் என்ற முறையிலும் பாருங்கள். உலகிலேயே எருமை இறைச்சியை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வருமானம். கப்பலில் ஏறினால் அந்நியச் செலாவணி, சேரி முனையில் கொட்டகை போட்டால் அசிங்கம்.

நாங்கள் கேட்பது

யாரையும் மாட்டுக்கறி தின்னுங்கள் என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. தலித்துகளிலேயே தின்னாதவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். தலித் பண்பாடு என்றால் மாட்டுக்கறி மட்டும்தான் என்று சுருக்குகிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. நிலம், கல்வி, வேலை, அதிகாரம் எல்லாம் கேட்கிறோம். அந்தப் பட்டியலில் தட்டும் இருக்கிறது. "பிள்ளைங்க படிச்சு மேல வந்தாச்சு, இனி இதையெல்லாம் வெளிய சொல்லணுமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் என்ன குழம்பு என்று கேட்டால் பொய் சொல்லிப் பழகிய தலைமுறையின் வலி அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பொய்யைப் பேரப்பிள்ளைக்கும் சொத்தாகக் கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்பது இவைதான். மாட்டுக்கறிக் கடை, மாட்டுக்கறி உணவகம் என்று பெயர் எழுதியே உணவுப் பாதுகாப்பு உரிமம் கொடுங்கள், இழுத்தடிக்காதீர்கள். சுகாதாரம் சரியில்லை என்று சொல்வதற்கு முன்னால் தண்ணீர், வடிகால், கால்நடை மருத்துவர் சான்று உள்ள அறுப்புக்கூடத்தைக் கட்டிக் கொடுங்கள். நகராட்சிக் கடைகள் ஏலத்தில் இந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு இடம் கொடுங்கள். தாட்கோ கடனிலும் மகளிர் சுய உதவிக் குழுக் கடனிலும் ஆட்டுக்கறிக் கடைக்கும் மீன் கடைக்கும் என்ன விதியோ அதே விதியை இவர்களுக்கும் வையுங்கள். அரசு நடத்தும் உணவுத் திருவிழாக்களில் மீன் அரங்குக்குப் பக்கத்தில் மாட்டுக்கறி அரங்கும் இருக்கட்டும். தேநீர்க் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் மாதம் ஒருமுறையாவது சோதித்து, பார்சல் தீண்டாமைக்கும் வழக்குப் போடுங்கள்.

தோழர்களிடம் கேட்பது அதைவிட எளிது. கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும்போது சைவ ஓட்டலைத் தேடிப் போகாதீர்கள். அக்கா கடைக்கு வாருங்கள். சமத்துவம் பேசும் பிற சாதி நண்பர்களையும் அழைத்து வாருங்கள். பார்சல் கேட்காதீர்கள், பெஞ்சில் உட்காருங்கள். மீன் குழம்பு ஒரு கரண்டி, கறி ஒரு கரண்டி வாங்கித் தின்றுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிக் காசு கொடுங்கள். பிறகு ஒரு பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பலகை எழுதும் செலவை நாம் பங்குபோட்டுக்கொள்வோம். யாராவது அதைக் கழற்ற வந்தால் கடைக்காரர் தனியாக நிற்கக்கூடாது. முரளி கபே வாசலில் ஒரு சொல்லை அழிக்க நின்றார்கள். இங்கே ஒரு சொல்லை எழுத நிற்போம்.

ஜெய்பீம்.